மணிக்கட்டின் வாசனை

குளத்தை மனையாக்க அனுமதித்த உத்தரவில் பிலோமினாவின் கையெழுத்து, கடைசிச் சுழி வரை, அச்சு அசலாக இருந்தது. அதற்காகத்தான் தாசில்தாரான அவரை எட்டு மாதத்துக்கு முன் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள்.

“இது உங்க கையெழுத்துதானே?” என்றார் விசாரணை அதிகாரி.

“மோந்து பாருங்க சார்.”

அவர் முகம் கடுத்தது. “விளையாடுறீங்களா?”

மல்லிகையில் தொடங்கிக் கிராம்பிலும் சாம்பிராணியிலும் இறங்கும் ஒரே பழைய சென்ட்டைத்தான் பிலோமினா இருபது வருடமாக மணிக்கட்டில் பூசிவந்தார். கையெழுத்திடும்போது அந்த மணிக்கட்டு தாளில் அழுந்தும். இன்று மட்டும் வேண்டுமென்றே பூசாமல் வந்திருந்தார்.

“நான் கையெழுத்துப் போட்ட ஏதாவது ஒரு பழைய ஃபைலை எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

பதிவறையிலிருந்து பதினோரு வருடத்துக்கு முந்தைய கட்டு வந்தது. அதிகாரி முதலில் உத்தரவை முகர்ந்தார்; வெறும் காகிதம். பிறகு கட்டின் முடிச்சை அவிழ்த்து, மேலே இருந்த கோப்பை எடுத்து முகர்ந்தார். அதைக் கீழே வைக்க மறந்துபோனார்.

சுழன்ற மின்விசிறி அந்த மணத்தை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் ஊழியர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்க, நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

“மேடம் திரும்ப வந்துட்டாங்களா?” என்றது ஒரு குரல்.