மாலைக்காரர் பட்டம்

கோயிலை ஒட்டிய பட்டியில் பாதி ஆடுகளுக்கு மாலைக்காரர் என்றுதான் குடும்பப் பெயர். கொடைத் திருவிழாவன்று மாலை போட்டுக்கொள்ளும் பரம்பரைப் பட்டம் எந்தக் கிளைக்கு என்பதில்தான் ஒரே குழப்பம்.

“முதல் மாலை எங்க பாட்டனுக்குத்தான்,” என்றது கறுப்புக் கிடா.

“அவரு எங்க பாட்டன் வே!” என்றது வெள்ளைக் கிடா.

“பட்டம் வாங்கினவரு யாரையாவது கேட்டுப் பாருங்களேன்,” என்றது கோழி.

இரண்டும் யோசித்தன. மாலையோடு போன ஒருவரும் திரும்பி வந்ததாக நினைவில்லை.

கொடையன்று மாலை கறுப்பின் கழுத்தில் விழுந்தது. பூசாரி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். முதல் மாலை வாங்கியவர் யாருடைய பாட்டன் என்று இன்னும் விளங்காமல் கறுப்பு தலையைச் சிலுப்பியது.

“கிடா சம்மதம் சொல்லிட்டது!” என்றது கூட்டம். அரிவாள் உயர்ந்தது.

“அநியாயம்! அது எங்க கிளைக்குச் சேரவேண்டிய மாலை,” என்று பட்டிக்குள்ளிருந்து வெள்ளை கத்தியது.