வேலையில்லாமல் உள்ளே நின்ற நேரம்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. ஆறாவதோடு படிப்பை விட்டவள் நான். கம்ப்யூட்டர் பற்றி ஸ்யாமளா சொல்லிக் கொடுத்த அளவுதான் தெரியும்.

காளவாசலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. ஸ்யாமளா அங்கே ஆபரேட்டர். இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒரே மெஷின்தான். ஆனால் அதற்குள் மில்லுக்கு ஒன்று, காலேஜுக்கு ஒன்று என்று இரண்டு மெஷின் இருப்பது மாதிரி ஓடும். ஒன்றுக்கு வேலை இல்லாத நேரம் அது வெளியே போய் மற்றதுக்கு இடம் விட வேண்டும்.

ஸ்யாமளா அதை மாற்றிவிட்டாள். வேலை இல்லாதபோதும் மில் மெஷின் வெளியே போகாமல் உள்ளேயே சும்மா சுற்றியது. இடம் கிடைக்காமல் காலேஜ் மார்க் லிஸ்ட் நான்கு நாள் பிந்திப்போனது. விசாரிக்க மெட்ராஸ் ஹெட் ஆபீஸிலிருந்து சீதாராமன் சார் வந்தார்.

"சும்மா கிடக்கிறதுக்கு இடத்தை அடைச்சு வச்சிருக்கியே, ஏம்மா?"

மில் வேலை நிமிஷத்துக்கு நூறு தடவை நின்று நின்று ஓடுவது என்றாள் அவள். சும்மா இருக்கும் நேரத்தைவிட, வெளியே போய்த் திரும்பி வரத்தான் அதிக நேரம் பிடித்ததாம்.

எனக்கு அது புரிந்தது. அந்த ஏ.சி. அறைக்குள் போக நான் காலைக் கழுவித் துடைத்து, இரண்டு கதவு தாண்ட வேண்டும். வேலை முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும், மீறினால் சீட்டுக் கிழியும் என்பது மேனேஜர் சாம்பசிவம் சார் உத்தரவு. எப்படியும் உடனே கூப்பிடுவார்கள் என்று பல நாள் நான் சுவரோரமாக நின்றுவிடுவேன்.

மேனேஜரைக் கேட்டுத்தான் மாற்றியதாக ஸ்யாமளா சொன்னாள். அவர், தன்னை யாரும் கேட்கவில்லை என்றார்.

"அன்னக்கொடி அக்கா அப்ப உள்ளதான் இருந்தாங்க சார். கேளுங்க."

இருந்தேன். காலேஜ் வேலை பிந்துமே என்று இவள் தயங்கியதையும், "பிந்தட்டும், மில்லுக்காரன் உசுர எடுக்கிறான்" என்று அவர் சொன்னதையும் கேட்டேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "உள்ளயா நின்ன? என்ன வேலையா?"

என் சம்பளத்தில்தான் வீட்டில் நாலு பேருக்கும் சோறு.

"இல்லங்கய்யா. நான் வெளிய போயிட்டேன்."

சீதாராமன் சாருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பொய் சொல்வதாக இருந்தால் இன்றைக்கே என்னை வேலையை விட்டு அனுப்பிவிடலாம், நான் உள்ளே இருந்தது நிச்சயமாகத் தெரியுமா என்று ஸ்யாமளாவைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் சார். அக்கா அன்னைக்கு உள்ள இல்ல."

யாரையும் கேட்காமல் அவளாகவே மாற்றியதாக எழுதினார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு பேனாவை என்னிடம் நீட்டினாள். சாட்சி என்று இருந்த இடத்தில் நானும் போட்டேன்.