காம்புக்குப் பக்கத்தில் ஒரு வரி

ஒரே பூச்சிமருந்துக்குக் குருபாதம் இரண்டு லேபிள் செய்தான். வெளிநாட்டுக்குக் கப்பலேறும் பாட்டிலில் பாதி இடத்துக்கு மண்டையோடு. உள்ளூர் பாட்டிலில் தளதளவென்று ஒரு கத்தரிக்காய். அதன் காம்புக்குப் பக்கத்தில் எச்சரிக்கை.

"எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே சார்?"

"அங்க சட்டம் விடாது, பெருசா போட்டாகணும். இங்க யாரு கேக்கப்போறா? நீ காயைப் பெருசாக்குப்பா," என்றார் மருந்து கம்பெனி மேனேஜர்.

பெரிதாக்கினான். காய் வளர வளர எழுத்து ஒடுங்கியது. ஆனால் கணினியில் எட்டு மடங்கு பெருக்கி வைத்தே வேலை பார்ப்பவன் அவன். திரையில் ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை போலத் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சமாதானம் அவனுக்குப் போதுமாக இருந்தது.

சில மாதம் கழித்து, வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்த மச்சினன் தவசி வரப்பிலேயே சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பாட்டிலைக் குருபாதத்தின் கையில் திணித்தாள். அதே கத்தரிக்காய்.

"மாற்று மருந்து என்னன்னு இதுல போட்டிருக்கும்ணா. எனக்கு ஒரு எழுத்தும் தெரியல. டாக்டர் கேக்குறாரு, சீக்கிரம் படிச்சுச் சொல்லுங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு கோடு. கணினியில் அவன் கையாலேயே எடுத்து ஒட்டிய வரிதான், ஒருமுறைகூட வாசித்ததில்லை. உள்ளே தவசிக்கு நுரை தள்ளிக்கொண்டிருந்தது.

"என்னண்ணா போட்டிருக்கு?"

குருபாதம் பாட்டிலின்மேல் இரண்டு விரல்களை வைத்து, செல்போனில் படத்தைப் பெரிதாக்குவதுபோல் மெல்ல விரித்தான். மறுபடியும் வைத்து விரித்தான்.