உள்ளே போனவள்

பழைய ஹாலிவுட் காதல் படங்களை என் மனைவி தமயந்தி அடுக்களை வாசலில் நின்றபடியேதான் பார்ப்பாள். காதலர்களை விட்டுவிட்டு, தட்டோடு வரும் கறுப்பினப் பணிப்பெண்ணையே பார்ப்பாள்.

"இவளுக்கும் ஒருத்தன் இருப்பான்ல? அவன ஏன் காட்ட மாட்டேங்குறாங்க?"

"அதெல்லாம் கதையில இல்லடி."

"ஆமா, நீங்கதான் கதை எழுதிக் குடுத்தீங்க."

தமயந்தியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய மாலையில் அப்படியொரு படத்தைப் போட்டேன். நாயகனும் நாயகியும் முத்தமிட்டார்கள். பணிப்பெண் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. படமும் முடிந்துவிட்டது. நான் எழுந்து டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒயர்களும் தூசியும்தான் இருந்தன.

"என்னப்பா தேடுறீங்க?" என்றாள் மகள்.

"உள்ள போனவ இன்னும் வரலம்மா."

"யாருப்பா?"

படத்தில் அவளுக்குப் பெயரே வைத்திருக்கவில்லை.