இனிமே வரவேணாம்

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த செல்லக்கிளி, எதிரே கிடந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்தும் அழுகை நிற்கவில்லை.

பக்கத்தில் இருந்த பவதாரிணிக்குச் சங்கடமாகிவிட்டது. கீமோவுக்கு உள்ளே போயிருக்கும் அம்மாவுக்காக, வில்லாபுரத்திலிருந்து ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து காத்திருப்பவள் அவள். மதுரையின் அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அழுகிறவர்களைப் பார்ப்பது அவளுக்குப் புதிதில்லை.

ஆனால் இந்தம்மா காலையில் வந்த விதமே வேறு. முகத்தில் பவுடரும் மடிப்புக் கலையாத புதுச் சேலையுமாக, கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தாள். எதிர்ப்பட்ட நர்ஸுகளையெல்லாம் பேர் சொல்லி விசாரித்தாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"இனிமே வரவேணாம்னு சொல்லிப்புட்டாக தாயி."

பவதாரிணி கேன்டீனுக்குப் போய் டீ வாங்கிவந்து செல்லக்கிளியின் கையில் கொடுத்தாள்.

"கூட யாரும் வரலையாம்மா?"

"யாரு வருவா? மகன் திருப்பூருல இருக்கான். உசிலம்பட்டில நானும் ஒரு பசுமாடுந்தான். இந்த நோவு வந்ததுலேருந்து தெருவுல யாரும் ஒட்டுறதில்ல. கண்டா ஒரு தலையாட்டு, அம்புட்டுத்தான். எதுனாலும் மாட்டுக்கிட்டதான் சொல்லிக்கிருவேன்."

டீயை ஒரு வாய் குடித்தாள்.

"இங்கதான் தாயி, தூக்கம் வருதா, சோறு எறங்குதான்னு உக்கார வச்சுக் கேப்பாக."

மறுபடி கண் நிறைந்தது. இந்தச் செய்தியையும் சுமந்துகொண்டு இந்தம்மா தனியாக பஸ் ஏறி, பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே போகவேண்டுமே என்று பவதாரிணிக்குத் தோன்றியது.

"டாக்டர் சொன்னதும் நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"என்னத்தக் கேக்க? சரின்னு கும்பிட்டு வந்துட்டேன். முன்னாடியெல்லாம் எதுக்குமே வாய் தொறக்க மாட்டேன். மாருல ஆபரேசன் பண்ணுன பக்கத்துக் கையில ஊசி போடக் கூடாதும்பாக, கை வீங்கிரும். அந்தக் கையவே கேட்டாக்கூடப் பேசாம நீட்டிருவேன். பெறகுதான் கொஞ்சங் கொஞ்சமாப் பழகிக்கிட்டேன். இந்தக் கை ஆகாது சிஸ்டர், அந்தக் கையில போடுங்கன்னு சொல்லிருவேன். மாத்திரையக்கூட எதுக்குன்னு கேட்டுத்தான் முழுங்குவேன்."

"அம்புட்டும் பழகிட்டு, இன்னைக்கு மட்டும் கும்பிட்டு வந்தா எப்படிம்மா?" பவதாரிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போங்க. உங்களுக்கு என்ன வேணும்னு தைரியமாக் கேளுங்க. நானும் கூட வாரேன்."

"கேக்கலாங்குறியா? கோவிச்சுக்கிட மாட்டாகளா?"

"கோவிச்சாக் கோவிக்கட்டும். இது உங்க உசுரு."

செல்லக்கிளி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பவதாரிணி கதவைத் தள்ளிப் பிடித்தாள்.

டாக்டரம்மா மேசையிலிருந்து நிமிர்ந்தார். "என்ன செல்லக்கிளி, இன்னும் ஊருக்குக் கெளம்பலையா?"

செல்லக்கிளி வாசலிலேயே நின்றாள். பின்னாலிருந்து பவதாரிணி அவள் முதுகில் கை வைத்தாள். செல்லக்கிளி மேசைக்குப் பக்கத்தில் போய்த் தலையைத் தூக்கினாள்.

"நோவு சுத்தமாப் போயிருச்சுன்னீக, சந்தோசம், ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா சும்மாவாச்சும் வந்து, உங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போகட்டுமா டாக்டரம்மா?"