ஓட்டை மெஷின்

"நெஞ்சு படபடன்னு அடிக்குது சார்," என்றான் ஓட்டக்காரன்.

"நடிக்காம ஓடு," என்றார் கோச்.

"ஓடக்கூடாது. துடிப்பு தாறுமாறா இருக்கு," என்று மைதானத்துக்குப் புதிதாய் வந்த டாக்டர், அவன் நெஞ்சில் கட்டிய பட்டையோடு இணைந்த திரையைக் காட்டினார்.

"உங்க மெஷின் ஓட்டை." கோச் ஓட்டக்காரனின் நெஞ்சுப் பட்டையைப் பிடுங்கித் தானே கட்டிக்கொண்டார். திரையில் கோடு அதேபோல் குதித்தது. "பாத்தீங்களா? குத்துக்கல்லாட்டம் இருக்கிற எனக்கும் இதே கூத்து."

டாக்டர் பட்டையை வாங்கித் தனக்குக் கட்டிக்கொண்டார். கோடு சீராக ஓடியது.

"மெஷின் ஒழுங்காத்தான் இருக்கு. உங்களையும் பாக்கணும். இது பரம்பரையா வரக்கூடியது. இவனோட அப்பாவை உடனே வரச் சொல்லுங்க."

கோச் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்.

மைதானத்தில் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்ற சட்டத்தை ஓட்டக்காரன் அன்றுதான் மீறினான்.

"அப்பா, நடிக்காம வந்து படுங்க."