தெருமுனைக் குழாய்

கவுன்சிலர் கூட்டிய வார்டு கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில்தான் பேசினார்கள். வீட்டுக்கு வீடு இணைப்பு வந்த பிறகு தெருமுனைக் குழாய் எதற்கு, தண்ணீர் தேங்கிக் கொசுதான் பெருகுகிறது, என்றைக்கு அகற்றுவீர்கள் என்று கேட்டார்கள். தங்கபுஷ்பம் மட்டும் எழுந்து, "அது கெடந்துட்டுப் போகட்டும் சார்" என்றாள்.

"வீட்டுலயே தண்ணி வருதேம்மா. பெறகு எதுக்கு?" என்றார் கவுன்சிலர்.

அம்மாவின் வீட்டைப் பாகம் பிரித்ததில் தங்கை ஜெயராணியோடு தங்கபுஷ்பத்துக்குப் பேச்சு நின்று ஒன்பது வருடமாகிறது. அந்தக் குழாயடியில்தான் தினமும் அவளை முகத்துக்கு நேரே பார்க்க முடிந்தது. வாய் திறக்காமலே ஒருத்தியின் குடத்தை மற்றவள் இடுப்பில் தூக்கி வைப்பாள். இணைப்பு வந்த இந்த இரண்டு மாதமாக அதுவும் இல்லை.

தங்கபுஷ்பம் உட்காரப் போனபோது பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"எங்க வீட்டுக் குழாயில சொட்டுத் தண்ணி வரல சார். அத எடுத்திராதீங்க" என்றாள் ஜெயராணி, அக்காவின் பக்கம் திரும்பாமல்.

வீட்டுக்கு நடுவே எழுப்பிய சுவருக்கு அப்பால், அன்று காலையில்கூட ஜெயராணியின் அண்டா நிரம்பி வழிந்த சத்தத்தைத் தங்கபுஷ்பம் கேட்டிருந்தாள்.